குவியலைப் பார்த்து பிரஷ் வாங்காதீர்கள்

எங்கள் வீட்டில் இட்லிக்கு மாவு அரைக்கிற நாளில் ஹால் ஃபேனைப் போடக் கூடாது. அம்மா கொண்டுவந்த சட்டம் இது. எங்கள் நாய் மணிக்கு ஒரு வயது நிரம்பிய கோடையில், மூடாமல் வைத்திருந்த மாவுப் பாத்திரத்தில் பஞ்சு மாதிரி ஏதோ மிதக்கிறதே என்று கரண்டியால் எடுத்துப் பார்த்தார். நான்கு பேருக்கு இரண்டு நாளைக்கான மாவு, அப்படியே செடிக்குப் போனது. அன்றிலிருந்து அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது.

மணி மஞ்சள் லாப்ரடார். இப்போது ஆறு வயது, 32 கிலோ. லாப்ரடார் வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கறுப்பு பேண்ட் போட முடியாது, வாஷிங் மெஷின் ஃபில்டரைத் திறந்தால் எலிக்குட்டி அளவுக்கு ஒன்று சுருண்டு கிடக்கும், காலையில் பெருக்கிய மொசைக் தரையில் மதியம் கட்டில் கால்களைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கும். இது போதாதென்று இரண்டு வருடம் முன்பு அண்ணன் வேலை மாறி துபாய் போனபோது அவன் வளர்த்த ஜெர்மன் ஷெப்பர்ட் ராணியும் எங்களிடம் வந்துவிட்டாள். ராணியின் முடி கொட்டுவதில்லை, கொத்துக் கொத்தாகக் கழன்று வருகிறது. அவள் படுத்து எழுந்த இடத்தைப் பார்த்தால் தலையணை கிழிந்துவிட்டதோ என்று தோன்றும்.

மணி வந்த நாளிலிருந்து இன்றுவரை பிரஷ், சீப்பு, கையுறை, பிளேடு என்று ஒன்பது வகை வாங்கியிருக்கிறேன். இன்று பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் இருப்பவை நான்குதான். மற்றவை போன வழியைப் பிறகு சொல்கிறேன். சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் மட்டும் ஐந்து லாப்ரடார், ஒரு ஹஸ்கி. யார் புதிதாக நாய் வாங்கினாலும் வாசலில் நிறுத்தி, "எந்த பிரஷ்க்கா நல்லா முடி எடுக்கும்?" என்று கேட்கிறார்கள். கேள்வியே அங்கேதான் வழுக்குகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. எது அதிக முடி எடுக்கிறது என்று தேடித் தேடித்தான் நான் மணியின் முதுகைக் கெடுத்தேன்.

அதற்கு முன்னால் முடியைப் பற்றிக் கொஞ்சம்.

காலை வெளிச்சத்தில் நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதுகு முடியை இரண்டு கட்டைவிரலாலும் எதிர்த்திசையில் பிரித்துப் பாருங்கள். மணிக்கு மேலே நேரான, கொஞ்சம் விறைப்பான, தொட்டால் லேசாக எண்ணெய்ப் பிசுக்குள்ள முடி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் இருக்கும். இது மேல்முடி. அதற்கு அடியில், வெளிறிய நிறத்தில், இலவம்பஞ்சைத் திணித்து வைத்த மாதிரி நெருக்கமாக இன்னொரு அடுக்கு. அது உள்முடி. தோலைப் பார்க்கவே சிரமப்பட வேண்டும். ராணிக்கு அந்த உள்முடி மெத்தை மாதிரி, தொடையின் பின்பக்கத்தில் விரல் உள்ளே போய்விடும். எங்கள் கேட்டுக்கு வெளியே வாழ்கிற கருப்பன் இருக்கிறான், நாட்டுநாய், இரண்டு வேளையும் எங்கள் வீட்டுச் சாப்பாடு. அவன் முடியைப் பிரித்தால் நேராகத் தோல் தெரியும். ஒரே அடுக்கு, குட்டை முடி. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி என்று நம் ஊர் வேட்டை நாய்களுக்கும் அப்படித்தான், வெயிலுக்கென்றே அமைந்த உடம்பு.

லாப்ரடாரின் முன்னோர்கள் கனடாவின் கிழக்குக் கோடியில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வேலை செய்தவை. பனிக்கட்டி மிதக்கிற கடலில் குதித்து வலையையும் மீனையும் இழுத்து வந்த நாய்கள். அந்த எண்ணெய்ப் பிசுக்கும் உள்ளே இருக்கிற பஞ்சும் அந்தத் தண்ணீருக்காக. முடி எப்போது உதிர வேண்டும் என்பதைத் தூண்டுவதில் சூட்டைவிடப் பகலின் நீளத்துக்குத்தான் பங்கு அதிகம். நியூஃபவுண்ட்லாந்தில் கோடையில் மிக நீண்ட பகல் கிட்டத்தட்ட 16 மணி நேரம், குளிர்காலத்தில் மிகக் குறுகிய பகல் எட்டரை மணி நேரம். அந்த வித்தியாசத்தை உடம்பு கவனித்து, வருடத்துக்கு இரண்டு முறை பெரிய உதிர்வாக உதிர்த்துவிடும். சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒன்றரை மணி நேரம். அதிலும் வீட்டுக்குள் படுத்திருக்கிற நாய்க்கு ராத்திரி பதினொன்று வரை ட்யூப்லைட். மணியின் உடம்புக்குக் கோடை எது, குளிர் எது என்ற கணக்கே கலங்கிவிடுகிறது, ஆகவே பன்னிரண்டு மாதமும் கொட்டுகிறான், சில மாதங்களில் கொஞ்சம் கூடுதலாக.

கருவி வாங்கும்போது நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான். ஆன்லைனில் விற்கிற பிரபலமான கருவிகளில் பல, வருடத்தில் இரண்டு தடவை வருகிற அந்தப் பெரிய உதிர்வுக்காக வந்தவை. நமக்கு வேண்டியது தினமும், குறைந்தது ஒரு நாள் விட்டு ஒரு நாள், தோலுக்குச் சேதம் இல்லாமல் தொடக்கூடிய ஒன்று. ஒரே நாளில் மலை மாதிரி குவித்துக் காட்டுகிற கருவி நம் ஊருக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

சரி, பிளேடு கதைக்கு வருகிறேன்.

மணிக்கு அப்போது மூன்று வயது. ஒரு வீடியோவில் ஒருவர் தன் நாயைப் பத்து நிமிடம் வாரிவிட்டுப் பக்கத்தில் இன்னொரு நாய் அளவுக்கு முடியைக் குவித்துக் காட்டினார். அன்று இரவே அதே மாதிரி ஒரு டீஷெட்டிங் பிளேடை ஆர்டர் செய்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். கையில் எடுத்துப் பார்த்தால் சீப்பு மாதிரிதான் இருக்கும், ஆனால் பற்கள் குட்டையாக, மிக நெருக்கமாக இருக்கும், முடி வெட்டுகிற மெஷினின் பிளேடை எடுத்து ஒரு கைப்பிடியில் பொருத்தின மாதிரி. முதல் நாள் மொட்டை மாடியில் மணியை உட்காரவைத்து வாரினேன். நிஜமாகவே குவிந்தது. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். டப்பாவில் வாரத்துக்கு ஒரு முறை போதும் என்றுதான் போட்டிருந்தது. எனக்குக் குவியல் பிடித்துப்போய்விட்டது, வாரத்தில் நான்கு நாள் செய்தேன், முடி குறைவாக வந்தால் கொஞ்சம் அழுத்தினேன்.

மூன்றாவது வாரம் இடுப்புக்கு மேலே, வால் தொடங்குகிற இடத்தில், பூச்சி அரித்த ஸ்வெட்டர் மாதிரி ஒரு திட்டு. பளபளப்பு போய் மங்கிக் கிடந்தது. ஒரு நாள் குளிப்பாட்டும்போது அந்த இடத்தில் கை பட்டதும் மணி உடம்பை நெளித்து நகர்ந்தான். ஊசி போடும்போதுகூட நகராத நாய். பிரித்துப் பார்த்தால் தோலில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

வீட்டுக்கே வந்து நாய்களைக் குளிப்பாட்டி நகம் வெட்டிவிடுகிற தம்பி ஒருவர் எங்கள் பகுதியில் உண்டு. மறுநாள் வரச் சொன்னேன். வந்தவர் மணியைப் பார்ப்பதற்கு முன்னால், "அக்கா, வாரின முடி இருக்கா?" என்று கேட்டார். கவரில் இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, தன் போனை அணைத்து அந்தக் கறுப்புத் திரையின் மேல் பரப்பினார். என் போனை வாங்கி கேமராவைப் பெரிதாக்கிப் பிடித்துக் காட்டினார். அலை அலையாக, நூலாம்படை மாதிரி மெல்லியதாக இருந்தது உள்முடி. தானாகக் கழன்ற முடியானால் ஒரு நுனியில் ஊசிமுனை அளவுக்கு வெளிறிய ஒரு முடிச்சு இருக்கும், அது வேர்ப்பக்கம். மறுமுனை மெலிந்து கூராகப் போகும். அவற்றுக்கு நடுவே நேராக, தடிமனாக, பழுப்பு நிறத்தில் நிறைய முடி கிடந்தது. அதில் முடிச்சே இல்லை. கத்தரித்த மாதிரி மொட்டையாக இருந்தது. எல்லாம் மேல்முடி, பாதியில் அறுந்தவை.

"எவ்ளோ முடி வருதுன்னு பாக்காதீங்க அக்கா, என்ன முடி வருதுன்னு பாருங்க," என்றார். "இதுல பாதி கொட்ட வேண்டிய முடியே இல்ல."

முடி வளரும், பிறகு வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும், பிறகு கழலும். கழலத் தயாரான முடியை எடுக்க பலமே தேவையில்லை, ரப்பரின் உராய்வு போதும், விரலால் இழுத்தாலே வரும். அழுத்தி, நெருக்கமான பல்லால் இழுக்கும்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கிற முடியும் அறுபடுகிறது. குவியல் பெரிதாவது அதனால்தான். அறுந்த மேல்முடி வெயிலையும் தண்ணீரையும் தடுக்கிற வேலையைச் செய்யாது. மணியின் அந்தத் திட்டு பழைய நிலைக்கு வர நான்கு மாதம் பக்கம் ஆனது. இந்த வகை பிளேடையே குறை சொல்ல மாட்டேன், கை பழகியவர்கள் அடர்ந்த உள்முடி உள்ள நாய்க்கு எப்போதாவது ஒரு முறை, அழுத்தாமல், காய்ந்த முடியில் பயன்படுத்தினால் வேலை செய்கிறது. கருப்பன் மாதிரி ஒற்றை அடுக்கு நாய்க்கு மட்டும் வேண்டவே வேண்டாம், எடுக்க அங்கே உள்முடியே கிடையாது. நான் என்னுடையதை அந்தத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன்.

அவர் அன்று தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஒரு ரப்பர் பிரஷ். உள்ளங்கையில் அடங்குகிற அளவு, அடியில் விரல் நுனி மாதிரி கூம்புக் கூம்பாக ரப்பர் பற்கள். பிறகு நான் எனக்கென்று 180 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். மூன்று வருடமாக அதே பிரஷ்தான். லாப்ரடார், பீகிள், பக் மாதிரி குட்டை முடியும் அதிக உதிர்வும் உள்ள நாய்க்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்று யாரிடமும் அடித்துச் சொல்வேன். கட்டைவிரலால் ஒரு பல்லை மடக்கிப் பாருங்கள். மடங்கி, விட்டவுடன் நிமிர வேண்டும். சில சிலிகான் பிரஷ்கள் ஜெல்லி மாதிரி துவளும், அவை முடிமேல் வழுக்கிக்கொண்டு போகும், எதையும் பிடிக்காது. சில கல் மாதிரி இருக்கும், அவை எலும்பு துருத்திய இடத்தில் வலிக்கும்.

முதலில் முடி படிந்திருக்கிற திசைக்கு எதிராகச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும், உள்முடி தளர்ந்து மேலே வரும், பிறகு திசையோடு நீளமாக ஒரு இழுப்பு. மாட்டைக் குளத்தில் இறக்கி வைக்கோலைச் சுருட்டித் தேய்ப்பார்களே, கிட்டத்தட்ட அந்தக் கை அசைவுதான். தேய்க்கத் தேய்க்க மணி தன் 32 கிலோவையும் மெதுவாக என் மேல் சாய்ப்பான். கீழுதடு தொங்கிப்போகும், கண் பாதி மூடும். பிளேடு பிடித்த நாட்களில் அவன் ஒருமுறைகூட அப்படிச் சாய்ந்ததில்லை, அதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. கருவி சரியா என்று தெரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை. டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டு நாய் வந்து உட்கார்ந்தால் சரியான கருவி, கட்டிலுக்கு அடியில் போனால் மாற்ற வேண்டியதுதான்.

குளிக்கும்போது ஷாம்பு நுரையோடு இதே பிரஷால் தேய்த்தால் இன்னும் நன்றாக வரும். எனக்கு மிக அதிகமாக முடி வருவது குளித்து முடித்து, துண்டால் துவட்டி, முக்கால்வாசிக்கு மேல் காய்ந்த பிறகு தேய்க்கும்போதுதான்.

ராணிக்கு இந்த ரப்பர் பிரஷ் பத்தாது. மேலே மட்டும் தடவிவிட்டுப் போகும், மெத்தைக்குள் இறங்காது. அவளுக்கு ரேக். பெயருக்கேற்ற மாதிரி தோட்டத்தில் சருகு வாருகிற வாரி போலவே சின்னதாக இருக்கும், அகலமான கட்டையில் இடைவெளி விட்ட நீளப் பற்கள். பற்களின் நுனி உருண்டையாக இருக்க வேண்டும், விரலில் குத்திப் பார்த்தால் உறுத்தக் கூடாது. சிலவற்றில் ஒவ்வொரு பல்லும் தன்னைத் தானே சுழலும், சிக்கு வந்தால் பிடித்து இழுக்காமல் உருண்டு நழுவும். கொஞ்சம் விலை கூட, ஆனால் அதையே வாங்குங்கள்.

பல்லின் நீளம்தான் இங்கே முக்கியம். கடைக்காரர் சின்னது, நடுத்தரம், பெரியது என்று நாயின் எடையைக் கேட்டுக் கொடுப்பார். எடைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நான் தீக்குச்சி வைத்து அளந்தேன். மருந்து இல்லாத முனையை முதுகு முடிக்குள் நேராக இறக்கி, தோலைத் தொட்டதும் முடியின் மேல்மட்டத்தில் நகத்தால் அடையாளம் வைத்து எடுத்தேன். ராணிக்குப் பாதிக் குச்சி மறைந்தது, அதாவது இரண்டு சென்டிமீட்டர். மணிக்குக் கால் குச்சிகூட இல்லை. பல் அந்த அளவுக்குச் சமமாகவோ ஒரு நூல் கூடுதலாகவோ இருந்தால் அடிவரை போய் உள்முடியை எடுக்கும். குட்டையாக இருந்தால் மேலே மட்டும் வாரும், அடியில் சடை பிடித்துக்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியாது. ரொம்ப நீளமாக இருந்தால் தோலைக் கீறும். ராணியின் ரேக்கை மணிக்குப் போடவே கூடாது என்பது அந்தக் குச்சியைப் பார்த்தாலே விளங்கும்.

தொடையிலும் கழுத்துப் பிடரியிலும் முடி இன்னும் ஆழம், அங்கே ஒரே இழுப்பில் வாரினால் பயனில்லை. இடது உள்ளங்கையால் முடியை மேல்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும், தோல் ஒரு கோடாகத் தெரியும், அந்தக் கோட்டிலிருந்து கீழ்நோக்கி வார வேண்டும். பிறகு கையை அரை அங்குலம் மேலே நகர்த்தி அடுத்த கோடு. புடவைக் கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவிவிடுகிற மாதிரி. ஒரு தொடைக்கு ஐந்து நிமிடம் ஆகும். அவசரம் இருக்கிற நாளில் ஒரு தொடையோடு நிறுத்திவிடுவேன், மறுநாள் அடுத்தது.

மூன்றாவது ஸ்லிக்கர் பிரஷ். சதுரமான அட்டையில் வளைந்த மெல்லிய கம்பிகள் நூற்றுக்கணக்கில் இருக்குமே, அது. எல்லாக் கடையிலும் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். ராணியின் வாலுக்கும் தொடை ஓரத்து நீள முடிக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். வாங்கும்போது மணிக்கட்டின் உள்பக்கத்தில் பத்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் கடையிலேயே வைத்துவிடுங்கள், நாயின் தோல் நம் தோலைவிட மெல்லியது. நல்ல பிரஷாக இருந்தாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தோல் உராய்ந்து புண்ணாகும். கம்பி நுனியில் பிளாஸ்டிக் மொட்டு வைத்து வருகிற மலிவான வகையில் அந்த மொட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும், உதிர்ந்த இடம் கூராக நிற்கும். பட்டனை அழுத்தினால் கம்பி உள்ளே போய் முடி தானாக விழுகிற வகையும் ஒன்று வாங்கினேன், ஐந்து மாதத்தில் முடியும் தூசியும் உள்ளே போய் ஸ்பிரிங் சிக்கிக்கொண்டது. இதில் சாதாரணமானதே நல்லது.

நான்காவதாக என் டப்பாவில் இருப்பது ஸ்டீல் சீப்பு. பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல். 350 ரூபாய். முடி எடுப்பது இதன் வேலை இல்லை, நாம் செய்த வேலையைச் சோதிப்பது. வாரி முடித்த பிறகு அகலப் பல்லால் தோலை ஒட்டி ஒரு முறை இழுத்தால் தடையில்லாமல் போக வேண்டும். நின்றால் அங்கே சிக்கு இருக்கிறது. ராணிக்குக் காதுக்குப் பின்னால், முன்காலின் அக்குளில், காலர் உரசுகிற இடத்தில் எப்போதும் ஒன்று கிடைக்கும். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சிக்கு இறுக இறுகத் தோலையும் மேலே இழுத்து வைத்திருக்கும், முடி என்று நினைத்து வெட்டினால் தோலோடு வரும். விரலால் பஞ்சைப் பிய்ப்பது மாதிரி மெதுவாகப் பிரித்து, பிறகு சீப்பின் ஓரத்துப் பல்லால் நுனியிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், தண்ணீர் பட்டால் சிக்கு கல்லாகிவிடும்.

உண்ணி பார்க்கவும் இந்தச் சீப்புதான் உதவுகிறது. நெருக்கப் பல் பகுதி பேன் சீப்பு மாதிரி, தோலில் சின்னதாக எது ஒட்டியிருந்தாலும் தட்டும். சென்னையில் நாய் வைத்திருக்கிறவர்கள் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி அறிந்திருப்பார்கள், எர்லிக்கியா என்கிற கிருமியால் வருவது, கவனிக்காமல் விட்டால் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. அதனால் வாருகிற நேரத்தை நான் சோதிக்கிற நேரமாகவும் வைத்திருக்கிறேன். காதுக்குள், கால் விரல் இடுக்கில், காலருக்கு அடியில். தட்டினால் சீப்பாலேயே இழுத்துவிடாமல், இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக எடுக்க வேண்டும்.

ஒன்று விட்டுவிட்டேன். கடற்கரை ஊர்க்காரர்கள் எதை வாங்கினாலும் துருப்பிடிக்காத ஸ்டீலா என்று கேட்டு வாங்குங்கள். மடிப்பாக்கத்துக்கே கடல் காற்று வருகிறது, என் முதல் ஸ்லிக்கர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டவில்லை. கழுவினால் துடைத்து வெயிலில் வைத்துவிடுங்கள்.

இனி வீணானவை. ரப்பர் மொட்டு வைத்த கையுறை, தடவிக்கொடுக்க நன்றாக இருக்கிறது, முடி எடுக்கவில்லை. வாக்குவம் கிளீனரோடு இணைக்கிற பிரஷ், சத்தத்துக்கு ராணி அறையை விட்டே போய்விட்டாள். வளையம் மாதிரி மடக்கிய ரம்பப் பட்டை ஒன்று, மணிக்குக் கொஞ்சம் வேலை செய்தது, முதுகெலும்பில் பட்டால் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

கோடையில் மொட்டை அடித்துவிட்டால் பிரச்சினையே தீர்ந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஒரு பொமரேனியனுக்கு ஏப்ரலில் ஒட்ட வெட்டிவிட்டார்கள், அடுத்த வருடம் பொங்கல் வரைக்கும் முதுகில் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. ஸ்பிட்ஸ், ஹஸ்கி வகையில் ஒட்ட வெட்டிய முடி மாதக்கணக்கில் திரும்ப வளராமல் போவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிர்வதில்லை, மூச்சிரைத்துக் குளிர்கிறது. மேல்முடி வெயில் நேராகத் தோலில் இறங்காமல் தடுக்கிறது. உள்முடியை வாரி எடுத்துவிட்டாலே காற்று உள்ளே போகும், மேல்முடி குடையாக நிற்கும்.

வாரத் தொடங்கிய பிறகுதான் எது உதிர்வு, எது நோய் என்று கைக்குப் பிடிபட்டது. உதிர்வு என்றால் எல்லா இடத்திலும் பரவலாகக் கொட்டும், தோல் தெரியாது, அரிப்பு இருக்காது. போன வருடம் கருப்பனுக்குக் காது மடல் ஓரத்திலும் முன்னங்கால் மூட்டிலும் முடி போய் ஓயாமல் சொறிந்துகொண்டிருந்தான். எந்த பிரஷும் போடவில்லை, ஆட்டோவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொறிப்பூச்சி என்றார்கள், மருந்தில் சரியானது. அதிலிருந்து கருப்பனுக்கென்று தனி ரப்பர் பிரஷ், அது கேட் பக்கத்து ஜன்னலில் இருக்கும், உள்ளே வராது. சொறியும் படர்தாமரையும் பிரஷ் வழியாகவே அடுத்த நாய்க்குப் போகும். உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி குறைந்தாலோ, வால் எலிவால் மாதிரி மொட்டையானாலோ தைராய்டைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவைத்திருக்கிறார். அதை வாரிச் சரிசெய்ய முடியாது.

சாப்பாட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. முடி என்பது கிட்டத்தட்ட முழுக்கப் புரதம், தயிர்சாதம் மட்டுமே போட்டால் முடி எப்படி நன்றாக இருக்கும்? வாரத்துக்கு இரண்டு நாள் அம்மா மத்தி மீனை உப்பு, வெங்காயம் எதுவும் இல்லாமல் அவித்து, முள் எடுத்துப் போடுகிறார். வெங்காயம் நாய்க்கு ஆகாது. மீன் வாசம் வந்தால் மணி சமையலறை வாசலில் தலையை வைத்துப் படுத்துவிடுவான், தாண்டித்தான் போக வேண்டும். அவன் முடியில் அந்தப் பழைய பளபளப்பு வந்ததில் ரப்பர் பிரஷுக்கு எவ்வளவு பங்கு, மத்திக்கு எவ்வளவு பங்கு என்று அம்மாவும் நானும் ஒத்துப்போனதில்லை.

மாலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில்தான் வாரல். மணிக்குப் பத்து நிமிடம், ராணிக்கு இருபது. வாரின முடியை முன்பெல்லாம் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அப்படியே வைத்துவிடுவேன். அணில் ஒன்று வந்து வாய் நிறைய அடைத்துக்கொண்டு ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் கட்டிய கூட்டுக்குக் கொண்டு போகும். பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். மாதா மாதம் உண்ணிக்காகக் கழுத்தில் சொட்டு மருந்து விடத் தொடங்கிய பிறகு அதை நிறுத்திவிட்டேன். இங்கிலாந்தில் நாய், பூனை முடி வைத்துக் கட்டிய குருவிக் கூடுகளைச் சோதித்தபோது அந்தச் சொட்டு மருந்துகளில் இருக்கிற ஃபிப்ரோனில் அதில் இருந்ததாக 2025-இல் ஓர் ஆய்வு வந்தது, எங்கள் சொட்டு மருந்திலும் அதுதான். இப்போது முடியைப் பழைய பேப்பரில் மடித்துக் குப்பையில் போட்டுவிடுகிறேன். அணில் மட்டும் ஐந்தரைக்குச் சரியாக வந்து கொடிக்கம்பியில் உட்கார்ந்து பார்க்கிறது. அதற்காகத் தேங்காய் நாரைப் பிய்த்து அதே சுவரில் வைக்கிறேன். முதல் இரண்டு நாள் தொடவில்லை. நேற்று எடுத்துப் போனது.